விருதில் இடம்பெறாத வேலைநிறுத்தம்

(மும்பை தாராவியில் தமிழ்த் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாராவியின் தோல் பட்டறைகளிலிருந்தும் தையற்கூடங்களிலிருந்தும், மாதுங்காவின் அலுவலகங்களிலிருந்தும், செம்பூரை அடுத்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் பணி முடித்து இக்கூட்டத்துக்கு வந்துள்ள உழைப்பாளி மக்கள் அனைவருக்கும் வணக்கம். இங்குள்ளோரில் பெரும்பாலோருடைய குடும்ப வேர்கள் நெல்லைச் சீமையிலும் தூத்துக்குடி வட்டாரத்திலும் உள்ளன. அந்த மண்ணில் பிறந்து, இந்த மும்பைத் துறைமுகத்துக்குக் கப்பல் தேடி வந்த ஒருவரைப் பற்றியும், அவர் பெயரால் வழங்கப்படும் விருதைப் பற்றியும் பேசுவதே இன்றைய பொருள்.

2021ஆம் ஆண்டு செப்டம்பரில், வ.உ. சிதம்பரனாரின் 150ஆவது பிறந்த ஆண்டையொட்டித் தமிழ்நாடு அரசு 14 அறிவிப்புகளை வெளியிட்டது. அவர் மறைந்த நவம்பர் 18ஆம் நாள் தியாகத் திருநாளாகக் கடைப்பிடிக்கப்படும் என்பது அவற்றுள் ஒன்று. கப்பல் துறையில் சிறந்து விளங்கும் தமிழருக்குக் 'கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. விருது' ஐந்து லட்சம் ரூபாயுடன் வழங்கப்படும் என்பது மற்றொன்று. வரவேற்கத்தக்க அறிவிப்புகள்தாம். விடுதலை வீரரை மறவாத அரசு பாராட்டுக்குரியது.

எனினும் ஒரு கேள்வி எழுகிறது. வ.உ.சி.யை வெள்ளை அரசு சிறையிலிட்டது அவர் கப்பல் விட்டதற்காக மட்டுந்தானா? இரட்டை ஆயுள் தண்டனை கப்பலுக்குக் கிடைத்த கூலியா? இக்கேள்விக்கான விடையில்தான் இன்றைய தொழிலாளி வர்க்கத்தின் பங்கு அடங்கியிருக்கிறது.

பட்டங்களும் பதக்கங்களும்

ஆங்கிலேய ஆட்சியில் பட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர், சர் என்று ஏணிப்படிகள்போல் அவை அடுக்கப்பட்டிருந்தன. ஆட்சிக்குத் துணை நின்றவர் ஒவ்வொரு படியாக ஏறலாம். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் 1919இல் இரவீந்திரநாத் தாகூர் தம் சர் பட்டத்தைத் துறந்தார். 1920இல் காந்தியடிகள் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். விடுதலைப் போராட்டத்தில் பட்டத்தை ஏற்பதைக் காட்டிலும் துறப்பதே பெருமை எனக் கருதப்பட்டது. அந்த உணர்வே அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவாக உருப்பெற்றது. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் அல்லாத எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என அது விதிக்கிறது.

ஆயினும் 1954 ஜனவரியில் பாரத ரத்னா, பத்ம விபூஷண் ஆகிய விருதுகள் நிறுவப்பட்டன. முதலாம் ஆண்டில் பாரத ரத்னா பெற்றவர்கள் இராஜாஜி, இராதாகிருஷ்ணன், சி.வி. இராமன். ஜனதா ஆட்சி 1977இல் இவ்விருதுகளை நிறுத்தியது. 1980இல் அவை மீண்டன. இவை 18ஆவது பிரிவுக்கு முரணானவையா என்ற வழக்கில் 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும்; ஆனால் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்து எழுதக்கூடாது என்பதே அத்தீர்ப்பு.

விருதுப் பட்டியலை வரலாறாகக் கொள்வோர் ஏமாறுவர். அண்ணல் அம்பேத்கர் மறைந்தது 1956இல். அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது 1990இல். முப்பத்து நான்கு ஆண்டுகள் அவருடைய பெருமை குறைந்திருந்ததா? தாதர் சைத்திய பூமியில் டிசம்பர் 6ஆம் நாள்தோறும் திரண்ட இலட்சக்கணக்கான மக்கள் அரசு ஆணைக்காகக் காத்திருக்கவில்லை.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தொடர்பான நிகழ்வு இன்னும் படிப்பினை மிக்கது. அவரே ஆசாத் ஹிந்த் பெயரால் வீர விருதுகளை நிறுவியவர். அவருக்கு 1992 ஜனவரியில், மறைவுக்குப் பிந்தைய விருதாகப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அவருடைய மறைவு குறித்த கேள்விக்கு விடை காணாமல் அச்சொல்லைப் பயன்படுத்தியதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. குடும்பத்தாரும் விருதை ஏற்கவில்லை. இறுதியில் 1997இல் அந்த அறிவிப்பு செல்லாததாயிற்று. விருது மீளப்பெற்றதால் நேதாஜி குறைந்துவிடவில்லை.

மும்பைக்கு வந்த தூத்துக்குடி வழக்கறிஞர்

வ.உ.சி.யிடம் வருவோம். 1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனியை எதிர்த்து, 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எளிய வணிகரும் பங்கேற்கத்தக்க வகையில் அது அமைந்தது.

தொடக்கத்தில் அக்கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. மும்பை நிறுவனமொன்றிடம் வாடகைக்குப் பெற்றுக் கப்பல் ஓட்டினர். வெள்ளைக் கம்பெனியின் நெருக்குதலால் அந்த வாடகைக் கப்பலும் பறிபோயிற்று. வடபுலம் சென்றார் வ.உ.சி. கப்பலுடன் திரும்புவேன், இல்லையேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என்று சூளுரைத்துப் புறப்பட்டதாக வரலாறு கூறுகிறது. 1907இல் 'காலியா' கப்பல் இந்த மும்பையிலிருந்து வாங்கப்பட்டுத் தூத்துக்குடியை அடைந்தது. 'லாவோ' என்னும் மற்றொரு கப்பலும் வந்து சேர்ந்தது. எதிர்க் கம்பெனி பயணக் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச்செல்வதாகக் கூறிக் குடையையும் பரிசளித்தது. போட்டியாளரை ஒழிக்கும்வரை நட்டத்தில் விற்பதும், ஒழித்தபின் விரும்பிய விலை வைப்பதும் ஏகபோகத்தின் பழைய வித்தை. இன்றும் அவ்வித்தை வழக்கொழியவில்லை.

இவ்வளவு வரை பள்ளிப் பாடநூல் கூறும். 1961இல் வெளிவந்த திரைப்படமும் காட்டும். விருதின் பெயரும் இந்தப் பகுதியையே நினைவூட்டும். இதன்பின் நடந்ததே வெள்ளை அரசை நடுங்கவைத்தது.

கோரல் ஆலை

தூத்துக்குடியில் ஹார்வி குழுமத்துக்குச் சொந்தமான கோரல் நூற்பாலையில் தொழிலாளர்கள் விடியற்காலை தொடங்கி அந்தி சாயும்வரை வேலை வாங்கப்பட்டனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். வார விடுமுறை இல்லை. கூலியோ மிகக் குறைவு. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் அத்தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டங்களில் பேசினர். ஆலையை விட்டு வெளியேறியவர்களின் அடுப்பு அணைந்துவிடாமலிருக்க நிதி திரட்டப்பட்டது. பலருக்கு வேறு வேலையும் தேடித் தரப்பட்டது. ஊர் முழுவதும் தொழிலாளர் பக்கம் நின்றது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

கப்பலை எதிர்கொள்ளக் கட்டணக் குறைப்பு போதுமானதாயிருந்தது. தொழிலாளர் ஒற்றுமையை எதிர்கொள்ள வெள்ளையரிடம் துப்பாக்கியும் சிறையும் தவிர வேறு கருவி இல்லை. மார்ச் 12இல் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் நெல்லை எழுந்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையைத் துறந்தனர். இம்முறை கூலிக்காக அன்று, தலைவரின் விடுதலைக்காக. துப்புரவுத் தொழிலாளரும் முடிதிருத்துவோரும் குதிரைவண்டி ஓட்டுவோரும் அவர்களுடன் இணைந்தனர். கூலி உயர்வுக்காகப் போராடக் கற்ற தொழிலாளி, இரண்டே வாரத்தில் ஆட்சியை எதிர்த்துப் போராடக் கற்றுக்கொண்டான். இதுவே அரசியல் வேலைநிறுத்தம்.

ஜூலை 7ஆம் நாள் இராஜதுரோகக் குற்றத்துக்காக வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் மாட்டுக்கு மாற்றாக அவர் செக்கிழுத்ததைத் தமிழுலகம் அறியும்.

அதே மாதம் 22ஆம் நாள், இந்த மும்பை உயர் நீதிமன்றத்தில் அதே இராஜதுரோகக் குற்றத்துக்காகத் திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஓராண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆறு நாள் மும்பையின் பஞ்சாலைகள் நின்றன. தெருக்களில் படையினர் சுட்டதில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். இவ்வேலைநிறுத்தத்தைத் தொலைவிலிருந்து கவனித்த மாமேதை லெனின், இந்தியப் பாட்டாளி வர்க்கம் அரசியல் போராட்டத்துக்குரிய முதிர்ச்சியை எய்திவிட்டது என்றும், ஆங்கிலேய ஆட்சியின் முடிவு உறுதியாகிவிட்டது என்றும் 1908ஆம் ஆண்டிலேயே மதிப்பிட்டு எழுதினார்.

மார்ச்சில் தூத்துக்குடி, ஜூலையில் மும்பை. தமிழ் பேசும் தொழிலாளியும் மராட்டி பேசும் தொழிலாளியும் ஒருவரையொருவர் காணாமலேயே நான்கு மாத இடைவெளியில் ஒரே பாதையில் நடந்தனர். இந்நகரில் தமிழரை அயலார் என்று தூற்றும் அரசியல் எழுந்த காலங்கள் உண்டு. அத்தகைய பிரிவினைக் குரல்களுக்கு இவ்விரு வேலைநிறுத்தங்களே தக்க மறுமொழி.

சிறைக்குப் பின்

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானபோது வரவேற்கக் கூட்டம் திரளவில்லை. கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைக்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியடிகள் வழியாக வரவேண்டியிருந்தது. அதற்காக 1915, 1916ஆம் ஆண்டுகளில் இருவரிடையே கடிதங்கள் நடந்தன. இறுதியில் அவர் கைக்கு வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. இன்று அவர் பெயரால் வழங்கப்படும் விருதின் தொகையோ ஐந்து லட்சம். வாழும் காலத்தில் அரிசிக்கு வழியின்றி விட்டுவிட்டு, மறைந்தபின் வெண்கலத்தில் வார்ப்பது ஒரு நாட்டுக்கோ ஓர் ஊருக்கோ மட்டும் உரிய வழக்கமன்று.

வறுமையிலும் அவர் தமிழை விடவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தோருள் அவரும் ஒருவர். அந்நூலின் பொருளதிகாரம், போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துக் கூறும். தமிழர் எடுத்த நடுகற்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். அவற்றில் பெயர் மட்டும் இராது. இன்னவன் இன்னாருடைய ஆநிரையை மீட்கையில் பட்டான் என்று செயலும் எழுதப்பட்டிருக்கும். செயலை நீக்கிப் பெயரை மட்டும் பொறித்த கல் நடுகல் ஆகாது. வ.உ.சி. விருதிலும் கோரல் ஆலை வேலைநிறுத்தம் பொறிக்கப்படவேண்டும் என்பதே இங்கு வைக்கப்படும் கோரிக்கை. கப்பல் துறையில் சிறந்தோருக்கு விருது வழங்கட்டும். கப்பலில் சுமை ஏற்றுவோருக்கும் இறக்குவோருக்கும் சங்கம் கட்டியவருக்கு ஏன் வழங்கலாகாது?

ஒன்றிய ஆட்சியாளர்களோ பெயரளவிலும் இவரைப் போற்ற ஆயத்தமாயில்லை. 2022 குடியரசு நாள் அணிவகுப்புக்கு வ.உ.சி., பாரதி, வேலுநாச்சியார் ஆகியோரைச் சித்திரித்துத் தமிழ்நாடு அளித்த அலங்கார ஊர்தி தில்லியில் இடம்பெறவில்லை. சென்னை வீதிகளிலேயே வலம் வந்தது. 2019இல் இம்மாநிலச் சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் பாரதிய ஜனதா கட்சி, மகாத்மா புலே, சாவித்திரிபாய் புலே ஆகியோருடன் சேர்த்துச் சாவர்க்கருக்கும் பாரத ரத்னா பெற்றுத் தருவதாக வாக்களித்தது. அந்தமான் சிறையிலிருந்து மீண்டும் மீண்டும் கருணை மனு எழுதியவரையும், பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் கல்விக் கண் திறந்தவர்களையும் ஒரே வரியில் நிறுத்திய சூழ்ச்சி அது. அதே அந்தமான் சிறையில் 1933 உண்ணாநிலைப் போராட்டத்தில் உயிர் நீத்த மகாவீர் சிங், மோகன் கிஷோர், மோகித் மைத்ரா ஆகியோரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மும்பைத் துறைமுகத்தின் மற்றொரு நினைவு

காலியா புறப்பட்ட இதே துறைமுகத்தில் 1946 பிப்ரவரி 18ஆம் நாள் 'தல்வார்' கடற்படைத் தளத்தின் மாலுமிகள் எழுந்தனர். 78 கப்பல்களுக்கும் 20 கரைத் தளங்களுக்கும் கிளர்ச்சி பரவியது. ஏறத்தாழ 20,000 மாலுமிகள் பங்கேற்றனர். எம்.எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத் தலைவர். இந்து, முஸ்லிம், சீக்கியர் என்ற வேறுபாடு கப்பல் மேல்தளத்தில் அழிந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் அறைகூவலை ஏற்று 22ஆம் நாள் மும்பைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிரிட்டிஷ் படையினரின் குண்டுகளுக்கு இருநூறுக்கும் மேற்பட்டோர் இரையாயினர். பரேலில் தோழர் கமல் தோண்டே வீழ்ந்தார்.

கிளர்ச்சியில் ஈடுபட்ட மாலுமிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். விடுதலை பெற்ற இந்தியாவும் அவர்களை உடனே திரும்ப அழைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே கொலாபாவில் நினைவிடம் எழுந்தது. மதன் சிங், பி.சி. தத் ஆகியோரின் பெயர்கள் இரண்டு இழுவைப் படகுகளுக்குச் சூட்டப்பட்டன. ஆனால் அவர்களுக்காகத் தெருவில் இறங்கி மாண்ட ஆலைத் தொழிலாளரின் பெயர் எந்தப் படகிலும் இல்லை. மாலுமிக்குக் கிடைத்தது தாமதமான மரியாதை. தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

ஏற்பதும் மறுப்பதும்

அப்படியானால் விருதுகளைப் பற்றிக் கம்யூனிஸ்டுகளின் நிலை என்ன? தோழர் இ.எம்.எஸ். 1992இல் பத்ம விபூஷணை ஏற்க மறுத்தார். 2008இல் பாரத ரத்னாவுக்குத் தம் பெயர் பேசப்பட்டபோது தோழர் ஜோதிபாசு வேண்டாமென்றார். 2022இல் தோழர் புத்ததேவ் பட்டாச்சார்யா பத்ம பூஷணை மறுத்தார். மக்கள் பணிக்கு அரசின் சான்றிதழ் தேவையில்லை என்பது இம்மறுப்புகளின் உட்பொருள்.

ஆனால் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமையேற்ற கேப்டன் லட்சுமி சேகல், 1998இல் பத்ம விபூஷணை ஏற்றாரே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் கட்சித் தோழரே. பதக்கத்துக்கு முன்னும் பின்னும் கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். மலேயாவின் தோட்டக்காடுகளிலிருந்து பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்திய தமிழ்ப் பெண்களின் போராட்டத்தை இந்தியக் குடியரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக அவ்விருதைக் கருத இடமுண்டு. ஆகவே ஏற்பதா, மறுப்பதா என்பது விதியால் தீர்க்கப்படும் வினா அன்று. அவ்விருதால் வெளிச்சம் பெறுவது எது, மறைக்கப்படுவது எது என்று ஆராய்ந்தே முடிவு செய்யவேண்டும்.

இதற்குத் தோழர் என். சங்கரய்யாவின் வாழ்வே தெளிவான விளக்கம். மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1941இல், பட்டத் தேர்வுக்குப் பதினைந்து நாளே இருக்கையில் கைது செய்யப்பட்டார். தேர்வு எழுதவில்லை; பட்டமும் பெறவில்லை. எட்டாண்டுச் சிறை, மூன்றாண்டுத் தலைமறைவு. விடுதலைப் போராட்ட வீரருக்கான ஓய்வூதியத்தை அவர் ஏற்கவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசின் முதல் 'தகைசால் தமிழர்' விருது வழங்கப்பட்டபோது ஏற்றார். உடன் வந்த பத்து லட்சம் ரூபாயைக் கொரோனா நிவாரண நிதிக்கே கொடுத்தார். மறு ஆண்டு அவ்விருதைப் பெற்ற தோழர் நல்லகண்ணு, பத்து லட்சத்துடன் தம் பணம் ஐயாயிரத்தையும் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அளித்தார். 2023இல் சங்கரய்யாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளிக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தீர்மானித்தது. வேந்தராகிய ஆளுநர் கையெழுத்திடவில்லை. அவ்வாண்டு நவம்பர் 15இல் அத்தோழர் மறைந்தார். 1941இல் ஒரு பட்டத்தை வெள்ளை அரசு பறித்தது; 2023இல் மற்றொரு பட்டத்தை யார் பறித்தார் என்பதை நாடறியும். இழப்பு சங்கரய்யாவுக்கு அன்று, அந்தப் பட்டத்துக்குத்தான்.

இன்றைய கடமை

தோழர்களே, வ.உ.சி. மீது சுமத்தப்பட்ட இராஜதுரோகப் பிரிவு 2024 ஜூலை வரை இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. புதிய சட்டத்தில் அச்சொல் நீங்கியது. 152ஆவது பிரிவாக அதன் சாரம் தொடர்கிறது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, ஊபா சட்டத்தின்கீழ்க் கைதியாக, பிணை கிடைக்காமலேயே 2021 ஜூலை 5ஆம் நாள் இந்த மும்பையின் மருத்துவமனையொன்றில் 84ஆம் வயதில் உயிர் நீத்தார். நடுக்குவாதம் கொண்ட அம்முதியவர் நீர் அருந்த ஓர் உறிஞ்சுகுழாய்க்கு நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. செக்கிழுக்க வைத்த சிறைக்கும் இதற்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வளவு?

கோரல் ஆலைத் தொழிலாளர் கையிலெடுத்த கருவியும் இன்று பறிபோகிறது. 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, 14 நாள் முன்னறிவிப்பின்றி எந்தத் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தம் செய்யலாகாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் செய்யலாகாது. 2025 நவம்பர் 21 முதல் இத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. இச்சட்டம் 1908இல் இருந்திருப்பின் அந்த ஒன்பது நாள் வெற்றியே சட்டவிரோதம் எனப்பட்டிருக்கும். வ.உ.சி. பெயரால் துறைமுகம் இருக்கலாம், விருது இருக்கலாம். அவர் செய்த செயல் மட்டும் குற்றம். இதுதான் ஆளும் வர்க்கம் விடுதலை வீரரைப் போற்றும் முறை.

தாராவி மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. இந்நகரின் செல்வத்தில் தாராவியின் உழைப்பு உண்டு என்று மேடைகளில் புகழ்வார்கள். மறுசீரமைப்புத் திட்டம் வந்ததும், 2000 ஜனவரி 1க்கு முன் வந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்பார்கள். திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் 80 விழுக்காடு அதானி குழுமத்துக்கு. 20 விழுக்காடு மாநில அரசுக்கு. மூன்று தலைமுறையாய்த் தோல் பதனிட்ட கைகளுக்கு எத்தனை விழுக்காடு?

விருதுகள் வரட்டும், சிலைகள் எழட்டும். அவற்றை எதிர்ப்பது நம் வேலையன்று. நவம்பர் 18 வரும்போது, மாலையுடன் கோரல் ஆலையின் கதையையும் எடுத்துச் செல்லவேண்டும். பிப்ரவரி 22 வரும்போது, பெயர் எழுதப்படாத இருநூறு பேருக்காகப் பரேலில் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழிலும் மராட்டியிலும் இவ்வரலாற்றைச் சொல்லவேண்டும். சங்கம் இல்லாத பட்டறையில் சங்கம் கட்டவேண்டும். வ.உ.சி.க்குத் தொழிலாளி வர்க்கம் எடுக்கவேண்டிய நடுகல் அதுவே; அதை வழங்க எந்த ஆளுநரின் கையெழுத்தும் தேவையில்லை.